கேட்டுக்கொண்டிருப்பவள்

சத்தம் போட்டுக் கதைக்கிறவர்களுக்குத் தொண்டை நோகாதா என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரிப்பதென்றால் நானும் வாயைத் திறக்க வேண்டும். அவர்கள் ஏதாவது பதில் சொல்வார்கள், அதற்கு நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும், வீணாக ஒரு பின்னேரம் போய்விடும்.

இதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மனதுக்குள் ஓடுகிறது, நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் பெயர் பத்மாசினி. கோப்பாயில் எங்கள் ஒழுங்கைமுனையில் உள்ள வாசிகசாலையின் திறப்புக்கோர்வை என்னிடம்தான் இருக்கிறது. அது நிற்கிற காணி எங்கள் ஐயா கொடுத்தது. காலையில் கதவைத் திறப்பேன், பொழுதுபட்டதும் பூட்டுவேன். கலியாணம் செய்யவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்ட நேரத்தில் நான் பதில் சொல்லவில்லை. அவர்களும் பிறகு கேட்கவில்லை.

வாசிகசாலை முகப்பில் ஒரு கரும்பலகை உண்டு. பத்திரிகை மெலிந்துபோய், அதுவும் ஒரு பிரதிதான் என்றான பிறகு, ஆழ்வாப்பிள்ளை அண்ணை காலையில் வந்து முக்கிய செய்திகளை அதில் எழுதுவார். முன்பு றோட்டு ஓவசியராக இருந்தவர். எழுத்து நேராக இருக்கும். ஆனால் அதற்குக் கீழே யாராவது தன் அபிப்பிராயத்தை எழுதுவார். அதற்குக் கீழே இன்னொருவர் மறுப்பு எழுதுவார். மறுப்புக்கு மறுப்பு வரும். இடம் போதாது. மத்தியானத்துக்குள் செய்தியை அழித்துவிட்டு அந்த இடத்திலும் அபிப்பிராயம் எழுதியிருப்பார்கள். எதைப் பற்றிய அபிப்பிராயம் என்று பின்னேரம் வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களும் எழுதுவார்கள்.

நான் எல்லாவற்றையும் வாசிப்பேன். சோக்கட்டியை ஒருநாளும் தொட்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் கரண்ட் போன பிறகு றேடியோவும் இங்கேதான். ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி கேட்பார்கள். செய்தி முடியும்வரைகூடப் பொறுக்கமாட்டார்கள்.

"உதிலைதான் பிழை விட்டவங்கள். நானெண்டால் மற்றப் பக்கத்தாலை சுத்திப் போயிருப்பன்" என்பார் ஆழ்வாப்பிள்ளை அண்ணை.

"அண்ணை, நீங்கள் முதல் பெடலைச் சுத்துங்கோ. அந்தாள் அங்கை றேடியோவிலை விக்கி விக்கிச் செத்துப்போகப் போகுது."

"சுத்திறவனுக்கும் வாய் இருக்குதடாப்பா."

"அதுதான் அண்ணை கரைச்சல்."

நான் பின்னால் உள்ள வாங்கிலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். பத்மாசினியிடம் ஒன்றைச் சொன்னால் கிணற்றில் கல்லுப் போட்ட மாதிரி என்பார்கள். ஆகவே போட்டார்கள். யாருடைய மகன் யாரோடு ஓடினான், யார் தம்பியின் காணியில் வேலியைத் தள்ளிப் போட்டார், எல்லாம் எனக்குத் தெரியும். அதில் ஒரு சொல்கூட என்னால் வெளியே போனதில்லை. வாயைக் காக்க முடியாத ஊரில் இது ஒரு தொண்டு என்றே நான் நம்புகிறேன்.

குணலட்சுமி அடுத்த ஒழுங்கைப் பூரணத்தின் மகள். தகப்பன் இல்லை. தமையன் ஜேர்மனியில். காலையில் நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டுச் சைக்கிளில் திரும்புவாள். ஒரு முறை என் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வில்லை கிடைக்கவில்லை. நான் பத்திரிகையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கஷ்டப்படுவதைக் கண்டு, "தாங்கோ அன்ரி, நான் வாசிக்கிறன்" என்றாள்.

அப்படித் தொடங்கியது.

இனிமையான குரல் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் மணல் கலந்த குரல். ஆனால் அவள் நடிக்கமாட்டாள். போர்ச் செய்தியையும் மரண அறிவித்தலையும் பழைய பத்திரிகையில் கிடந்த சவர்க்கார விளம்பரத்தையும் ஒரே மரியாதையோடு வாசிப்பாள். பத்திரிகை முடிந்தால் அலுமாரியில் உள்ள பழைய தொடர்கதைகள். அவற்றில் பாதிப் பக்கங்கள் இருக்காது. கிழிந்த இடம் வந்தால் நிறுத்தமாட்டாள். இடையில் நடந்ததைத் தானே இட்டுக்கட்டி, குரல் மாறாமல் வாசித்துக்கொண்டு போவாள். எது அச்சில் இருப்பது, எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். ஐம்பது வயதுவரை எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. இது தேவைப்பட்டது.

அடுத்த வருடமே கொழும்பிலிருந்து வந்த ஒருவர் புதுக் கண்ணாடி கொண்டுவந்து தந்தார். கிளாலிக் கடலில் வள்ளத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர், கண்ணாடியையும் உடையாமல் கொண்டுவந்திருந்தார். நல்ல கண்ணாடி. அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் கலியாணம் என்றால் சாதகம் பொருந்திய பிறகு விசாரிப்பு. மாப்பிள்ளை பகுதியார் பெண்ணின் வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஊரைச் சுற்றி வருவார்கள். கடையில் பாக்கு வாங்குவார்கள், கோயில் வாசலில் நிழலுக்கு நிற்பார்கள், வாசிகசாலையில் பத்திரிகை பார்ப்பார்கள். தெரியாத மனிதர் ஒருவர் வந்து "இங்காலை பஸ் வாறதோ?" என்று கேட்டால், எங்கேயோ ஒரு பெண்ணுக்குப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸே ஓடாத நாட்களிலும் அப்படித்தான் கேட்டார்கள்.

கனகரத்தினமும் மனைவியும் கொடிகாமத்திலிருந்து வந்தார்கள். அவர் அங்கே சந்தையில் மரக்கறி வியாபாரி. அவருடைய தங்கச்சியின் மகன் கனடாவில், அவனுக்குத்தான் பெண் பார்த்தார்கள். பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு அவர் ஒரு பழைய பத்திரிகையைத் தலைகீழாக விரித்துக்கொண்டார். மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தங்கச்சி, உந்தப் பூரணத்தின்ரை பெட்டை எப்பிடி?"

நான் சிரித்தேன்.

"ஆரோடையும் கதை பேச்சு ஏதும்?"

நான் உடனே தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான். ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பொய்யான எண்ணம் உண்டாக விடுவது பாவம். அதில் நான் கண்டிப்பானவள்.

"அப்ப என்ன, வயது ஏறிப்போச்சு, இன்னும் கட்டிக் குடுக்கேல்லை. சுகயீனம் ஏதுமோ?"

இதற்கும் தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நேற்று அவள் வாசித்த கதை ஞாபகம் வந்தது. பாதியில் நின்றிருந்தது. கனடாவில் உள்ளவனுக்கு அந்தக் கதையில் என்ன அக்கறை இருக்கப்போகிறது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாசலில் பூத்து நின்ற செவ்வரத்தையைப் பார்த்தேன்.

அந்த அம்மா பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வலிப்போ?" என்றார்.

எனக்கு அந்தச் சொல் புதிது. அது என் மனதில் இருக்கவே இல்லை. அவர் எங்கிருந்து கொண்டுவந்தாரோ தெரியாது. கொடிகாமத்திலிருந்தே கொண்டுவந்திருப்பார். நான் செவ்வரத்தையிலிருந்து கண்ணை எடுத்து மேசையைப் பார்த்தேன்.

"விளங்குது தங்கச்சி, விளங்குது. நீர் வாய் திறக்க வேண்டாம். பொம்பிளைப் பிள்ளையின்ரை விசயம்." எழும்பும்போது கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "எவ்வளவு தன்மையான மனுசி பாத்தியளே. ஒரு சொல்லுச் சொன்னதோ?"

நான் சொல்லவில்லைதான்.

அந்தக் கலியாணம் தட்டிப்போனது. பூரணம் என்னிடம் வந்து அழுதாள். "சாதகம் எண்பது வீதம் பொருந்தினது அக்கா. திடீரெண்டு வேண்டாமாம். ஆரோ காதிலை ஓதியிருக்கினம். உந்த ஊரிலை நாக்குக்கு எலும்பில்லை. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் என்ரை பிள்ளை இப்ப பிளேனிலை." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொன்னால்தான் மனம் ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் குணலட்சுமி வழக்கம்போல் வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு அத்தியாயம் வாசித்தோம்.

அடுத்தது நல்லூர்ப் பகுதி. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். நல்லூர் தூரமில்லை, சைக்கிளில் பின்னேரம் வந்து போகலாம். சரி சொல்லலாம் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். ஆனால் நாலு மணிக்குத் தேத்தண்ணி கேட்காத கணவனை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த முறை நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கொடிகாமம் சந்தைக்குப் போன செய்தி தேங்காய் மூட்டையோடு எங்கள் ஊருக்கே திரும்பியிருந்தது. மாப்பிள்ளையின் தமக்கை நேரடியாகவே வந்து, "வலிப்பு இருக்காம், உண்மையோ?" என்றாள். நான் பெருமூச்சு விட்டேன். அன்று நல்ல வெக்கை.

பிறகு ஊர் கதைத்தது. நான் அதையும் கேட்டேன். ஒருத்தி அவள் தியேட்டரில் விழுந்ததைக் கண்டதாகச் சொன்னாள். தியேட்டர் பூட்டிக் கனகாலம். இன்னொருத்தி பூரணத்தின் தாய்வழியில் இந்த நோய் இருந்ததாக மூன்று தலைமுறைக்குக் கணக்குச் சொன்னாள். ஒவ்வொருவரும் எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்றால், உண்மை தெரிந்த எனக்கே அது சிறிது மங்கலாகத் தெரிந்தது. இதற்கு நான் பொறுப்பா? நான் ஒருமுறை ஒரு பூவைப் பார்த்தேன், ஒருமுறை மூச்சு விட்டேன். மற்றதெல்லாம் அவர்கள் வாயால் செய்தது. கதைக்கிறவர்களால் வரும் கேடு இதுதான்.

கடைசியாகப் பூரணத்தின் காதுக்கும் வந்தது. அவள் முதலில் சண்டை பிடித்தாள். ஒழுங்கையில் நின்று மண்ணள்ளித் திட்டினாள். பிறகு மெல்ல மெல்ல மகளைப் பார்க்கத் தொடங்கினாள். நித்திரையில் கால் உதறினால் எழும்பி விளக்கைக் கொளுத்தினாள். இருக்கிற கொஞ்ச மண்ணெண்ணெய் அதற்கே போனது. பரியாரியிடம் கூட்டிப் போய்க் கசாயம் வாங்கினாள். கோயிலில் நூல் கட்டினாள். வலிப்புக்காரர் கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது என்று மகளுக்குத் தானே தண்ணீர் அள்ளி வார்த்தாள். சைக்கிளைப் பூட்டி வைத்தாள். சைக்கிள் இல்லாமல் நல்லூருக்குப் போக ஏலாது. ரியூசன் வகுப்பில் பெற்றோர்களும் முறைப்பாடு சொல்லியிருந்தார்கள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு, தாயின் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் போக்கிடம் என்று இருந்தது வாசிகசாலை ஒன்றுதான். ஆகவே மத்தியானமே வரத் தொடங்கினாள். அந்தக் காலத்தில் நாங்கள் நிறைய வாசித்தோம்.

கந்தசஷ்டி வந்தது. பூரணம் மகளின் பெயரில் நேர்த்தி வைத்திருந்தாள். குணலட்சுமி ஆறு நாளும் விரதம். சூரன்போர் அன்று வந்து இருந்தவள், "இண்டைக்குப் பச்சைத் தண்ணியும் பல்லிலை படேல்லை அன்ரி. அதுக்குள்ளை அந்தக் கசாயம் வேறை. தலை சுத்துது" என்றாள். நான் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். வாசித்தாள். ஆழ்வாப்பிள்ளை அண்ணையும் மற்றவர்களும் செய்திக்காகச் சைக்கிளைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வசனத்தின் நடுவில் குரல் நின்றது. நான் கண்ணைத் திறந்தேன். அவள் வாங்கிலிலிருந்து சரிந்து கீழே கிடந்தாள்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணை வாயைத் திறந்து ஒரு சரியான விஷயம் சொன்ன நாள் அதுதான். "விலகுங்கோ, காத்து வரட்டும். பிள்ளை விரதமெல்லோ. இது பசி மயக்கம். ஆரும் ஒரு மிடறு தேத்தண்ணி கொண்டாங்கோ" என்றார். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அந்த நிமிடத்தில் அந்த ஊர் முழுவதும் உண்மையை நம்பத் தயாராக இருந்தது. அவளை ஒரு தேத்தண்ணியோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிறகு சிரித்திருப்பார்கள். பரியாரியையும் திட்டியிருப்பார்கள்.

நான் இடுப்பிலிருந்து திறப்புக்கோர்வையை எடுத்தேன். குனிந்து அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தினமும் அவளோடு இருப்பவள் நான். பதறாமல், பழகியவள்போல் செய்தேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை தேத்தண்ணி கேட்ட கையைக் கீழே போட்டார். ஓம் ஓம் என்றவர்கள் ஓரடி விலகி நின்றார்கள். அந்த வாசிகசாலையில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

"ஐயோ பாவம்" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அவள் கண் திறந்ததும் முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டானது.

அதற்குப் பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. தில்லைநாதன் வரும்வரை.

தில்லைநாதன் எங்கள் சங்கக்கடை மனேச்சர். மாவும் சீனியும் வராத நாட்களில் பூட்டிவிட்டு இங்கே வந்து இருப்பார். பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல், அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னைப் போலவே கேட்கத் தெரிந்தவர். அதனால்தான் அவரை நான் ஆரம்பத்திலேயே கவனித்திருந்தேன். அவருடைய தமையன் கொழும்பில் அவருக்கு வேலை ஒழுங்கு செய்திருந்தான். கலியாணம் முடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம். வலிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

அதைப் பூரணம் காலையில் வந்து சொன்னாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசி வெள்ளிக்கிழமை பூசை முடிய உங்களிட்டை வருமாம் அக்கா. ஊர் கதைக்கிறது ஒண்டையும் நம்பமாட்டாவாம். பத்மாசினி வீண்கதை கதையாத பிறவி, அவ வாய் திறந்து அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொன்னால் அடுத்த முகூர்த்தத்திலை தாலி எண்டு சொல்லிப்போட்டா. ஒரு சொல்லு அக்கா. உங்களுக்கு நான் செருப்பாய் இருப்பன்."

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள். மனிதர்கள் எதையும் தங்களுக்கு வேண்டியபடிதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் என் சொல்லுக்கு அப்படியொரு பெறுமதி வந்திருக்கிறது. அந்தப் பெறுமதியை ஒரு வெள்ளிக்கிழமையில் செலவழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் அபிப்பிராயங்களோடு காலம் தள்ளச் சொல்கிறார்கள்.

மத்தியானம் குணலட்சுமி வந்தாள். இருக்கவில்லை. மேசையின் மறுபக்கத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். கையில் கட்டிய நூல் கறுத்துப்போயிருந்தது.

"அம்மா வந்து சொன்னவவோ அன்ரி?"

நான் அவளைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லுவியள் எண்டு நான் கேக்க வரேல்லை. அது பிறகு. எனக்கு ஒண்டு தெரியவேணும்." கையில் இருந்த நூலைத் திருகினாள். "எனக்கே இப்ப சந்தேகமாக் கிடக்கு. காலமை எழும்பினால் கை விறைச்சிருக்கு. அது அதுதானோ? நித்திரையிலை வருகுதோ? அண்டைக்கு நான் விழுந்தபோது கை கால் இழுத்ததோ? அம்மாவைக் கேட்டால் அழுறா. மற்றவை சொல்லுறதை நம்பேலாது. நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். நீங்கள்தானே திறப்பைத் தந்தனீங்கள். கண்டபடியால்தானே தந்திருப்பியள்?"

வெளியே யாரோ கரும்பலகையில் எழுதும் சத்தம் கேட்டது.

"நீங்கள் கதைக்க வேண்டாம் அன்ரி. எனக்குத் தெரியும், உங்களுக்கு அது பிடிக்காது. தலையை மட்டும் ஆட்டுங்கோ. எனக்கு அந்த வருத்தம் இல்லையெண்டால் ஒருக்கா இப்பிடி ஆட்டுங்கோ. காணும். நான் போய்க் கசாயத்தைக் கொட்டிப்போட்டு, கிணத்தடியிலை நானே அள்ளிக் குளிப்பன். கலியாணம் நடக்கட்டும், நடவாமல் போகட்டும்."

அவளுக்கு வலிப்பு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அன்று அவள் கை இழுக்கவில்லை, கால் இழுக்கவில்லை. பசித்துக் களைத்த ஒரு பிள்ளையின் கையில், எல்லோரும் பார்க்க, நான்தான் இரும்பை வைத்தேன். உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறவர். இப்படியானவர்கள் எழுந்து போய் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும்.

தலையாட்டுவது பெரிய வேலையல்ல. ஆனால் ஆட்டினால் அவள் அந்த நிமிடமே போய்விடுவாள். போவதற்கு முன் ஏன் என்று ஒரு கேள்வி கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். பதில் ஒன்றோடு நிற்காது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை சொல் வரிசையில் நிற்கும் என்று கதைக்கிறவர்கள் யோசிப்பதில்லை. நான் யோசிக்கிறேன். நான் அவளுக்குத் தீங்கு நினைத்தவள் அல்ல. இந்த ஊரில் அவளை இவ்வளவு காலம் பொறுமையாகக் கேட்டவள் வேறு யார்?

நான் கழுத்தை அசைக்கவில்லை. மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, நேற்று நிறுத்திய பக்கத்தை விரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் கனநேரம் நின்றாள். பிறகு வாங்கிலின் நுனியில் மெல்ல இருந்தாள். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் இருப்பதுபோல, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாசிக்கத் தொடங்கினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரலில் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. முன்பைவிட நன்றாக இருக்கிறது.